இரட்டைக்குழல் வாய்வழித் துப்பாக்கியும் சேதுநாட்டுக் கடற்கரையும்

இரட்டைக்குழல் வாய்வழித் துப்பாக்கி என்பது குழலின் முன்வாய் வழியாகக் கரிமருந்தும் ஈய ரவையும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடப்படும் பழைய வகை வேட்டைத் துப்பாக்கி ஆகும். இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கும். இந்திய உரிமப் பத்திரங்களில் இது டி.பி.எம்.எல். என்ற சுருக்கெழுத்தால் குறிக்கப்படுகிறது. ஒற்றைக்குழல் உள்ளது எஸ்.பி.எம்.எல். எனப்படும். பேச்சு வழக்கில் இரண்டுமே நாட்டுத் துப்பாக்கிதான். காவல்துறைச் செய்திகளில் உரிமம் இல்லாமல் பட்டறையில் செய்த துப்பாக்கிக்கும் அதே பெயர் வழங்குவதால், உரிமத்தோடு வைத்திருப்பவரையும் குற்றவாளியாக எண்ணும் குழப்பம் உண்டு.

மேலை நாடுகளில் இவ்வகைத் துப்பாக்கி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கொழிந்துவிட்டது. இன்று அங்கே பழம்பொருள் ஆர்வலர்கள் பொழுதுபோக்காகச் சுடுவதோடு சரி. இந்தியாவிலோ அது ஒரு வேலைக் கருவியாக 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. ஏழைகளிடம் புதிய துப்பாக்கி வாங்கப் பணம் இல்லை என்பது பாதிக் காரணமே. மீதிக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. எந்தத் துப்பாக்கி மெதுவாகச் சுடுமோ அதையே உழவன் கையில் விட்டுவைப்பது அரசுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம், ஆங்கிலேயர் காலத்தில் வேர்விட்டு, விடுதலைக்குப் பிந்திய சட்டத்திலும் இடம்பெற்றது.

சுடும் முறை

இத்துப்பாக்கியைச் சுடுவது விசையை இழுக்கும் வேலை மட்டும் அன்று. அதற்கு முந்திய வேலையே பெரிது. முதலில் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் முகத்துக்கு நேராக வராதபடி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அளவுக் குப்பியில் எடுத்த கரிமருந்தைக் குழலில் கொட்டுவார்கள். அதன்மேல் தக்கை, அட்டை, கம்பளி, தேங்காய் நார், பழைய துணி என்று கிடைத்ததே தக்கையாகும். கோலால் தக்கையை அடிவரை தள்ளி அழுத்திய பிறகு ரவை, அதன்மேல் ரவை சிந்தாமல் இருக்க மெல்லிய இன்னொரு தக்கை. மருந்தை எந்த அளவுக் குப்பியால் கொட்டினார்களோ அதே குப்பியின் கொள்ளளவுக்கே ரவையும் இடுவது பழைய வேட்டைக்காரர் கணக்கு. ரவை மிகுந்தால் தோளில் உதை கூடும். மருந்து மிகுந்தால் ரவை சிதறிப் பறவையைச் சுற்றிலும் போகும், பறவை மேல் படாது.

இரண்டு குழலும் நிரம்பிய பின்னரே கடைசியாகக் கேப்பு வைக்கப்படும். குழலின் பின்புறத்தில் துளையுள்ள சிறு காம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் தொப்பிபோல் மாட்டப்படும் செப்புக் கிண்ணமே கேப்பு. அதனுள் அடித்தால் பொறி பறக்கும் இரசாயனம் ஒட்டப்பட்டிருக்கிறது. விசையை இழுத்தால் 'குதிரை' என்னும் சுத்தி கேப்பின் மேல் விழுகிறது, தீ காம்பின் துளை வழியாக உள்ளே பாய்கிறது, மருந்து எரிந்து புகையாகி ரவையை முன்னே தள்ளுகிறது. கரிமருந்து எரிவதில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் நின்றுவிடுவதால், முதல் வேட்டு போட்டவுடன் எதிரே வெள்ளைத் திரை எழும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமல் சுட்டவனுக்கு இரண்டாவது குழல் இருந்தும் பயன் இராது.

இரட்டைக்குழலில்தான் ஆபத்தும் இரட்டிப்பு. வலது குழலைச் சுட்டுவிட்டு மறுபடி நிரப்பும்போது இடது குழல் கெட்டித்தபடியே இருக்கிறது. அதன் கேப்பைக் கழற்றாமல் குனிந்து கோலை இடித்தவர்கள் கையையும் கண்ணையும் இழந்திருக்கிறார்கள். பதற்றத்தில் எந்தக் குழல் வெடித்தது என்று மறந்து, நிரம்பிய குழலிலேயே இன்னொரு முறை மருந்தும் ரவையும் இடுவது அடுத்த பிழை. அவ்வாறு இரட்டைக் கெட்டிப்பு விழுந்த குழல் பிளந்துபோகலாம். இதைத் தவிர்க்கத் தேர்ந்தவர்கள் கோலில் கோடு கீறி வைத்துக்கொள்வார்கள். கோலைக் குழலில் விட்டால் வெறுங்குழல் எது, நிரம்பிய குழல் எது என்பதைக் கோடு காட்டிவிடும். மூன்றாவதாக, முதல் குழலின் உதையால் இரண்டாம் குழலின் ரவை முன்னோக்கி நகர்ந்து, மருந்துக்கும் தக்கைக்கும் நடுவே இடைவெளி விழலாம். அந்த வெற்றிடமும் குழலைச் சேதப்படுத்தும். ஆகவே சுடாத குழலையும் கோலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வது வழக்கம். கரிமருந்துக்குப் பதிலாகத் தோட்டாக்களிலிருந்து எடுத்த புகையற்ற மருந்தைப் போடுவது எல்லாவற்றிலும் கொடியது. பழைய குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

ஒரு குழலைக் கெட்டித்து முடிக்கப் பழகிய கைக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடத்தை எண்ணிக்கொள்ளலாம். நன்றாகக் கொல்லும் தொலைவு ஏறக்குறைய 30 முதல் 40 கஜம். பன்னிரண்டாம் எண் குழல் என்பது பலருக்கும் பழகிய சொல். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு. உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் மாணவர்கள் உண்டு.

கடற்கரையில் இத்துப்பாக்கியைக் காப்பது இன்னொரு பாடு. கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உப்புக் காற்றும் சேர்ந்தால் ஓர் இரவிலேயே குழலுக்குள் துரு பூக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் அடுத்த முறை மருந்து நமுத்துக் கேப்பு மட்டும் வெடித்து நிற்கும். மருந்துக்கான கரியும் எல்லாக் கரியும் ஆகாது. வெடியுப்பு, கந்தகம் இவற்றோடு மென்மரத்துக் கரியே சேர்க்கப்படும். இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி அடுப்புக்குப் பேர்போனது. துப்பாக்கிக்கு அது உதவாது.

பறவைக்காகப் பிறந்த பொறி

கேப்பு வருவதற்கு முன் சக்கிமுக்கித் துப்பாக்கி இருந்தது. கல் இரும்பில் உரசி, வெளியிலுள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். அந்தக் கிண்ணத்து ஒளிக்கும் வேட்டுக்கும் நடுவே ஒரு கண நேரம் செல்லும். நீர்ப்பறவைகளுக்கு அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. ஒளியைக் கண்டதும் அவை மூழ்கிவிடும் அல்லது திரும்பிவிடும். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித்துக்கு இதுவே குறை. அவர் பறவை வேட்டையில் ஆர்வம் உள்ளவர். அடித்தால் தீப்பற்றும் இரசாயனத்தைப் பயன்படுத்தி வெளியொளி இல்லாமல் சுடும் பூட்டை அமைத்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1820-களில் செப்புக் கேப்பு பரவியது. உலகப் படைகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. படைக்கலத்தில் ஏற்பட்ட அந்தப் பெரிய மாற்றம் ஒரு வாத்து தப்பிப் போனதில் தொடங்கியது என்பதைப் போர் வரலாறு எழுதுபவர்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

இரட்டைக்குழல் பரவியதற்கு இன்னொரு முன்னேற்றமும் காரணம். பழைய குழல்களில் மருந்து மெதுவாக எரிந்ததால் அவை மிக நீளமாக இருந்தன. இரண்டைச் சேர்த்தால் தூக்க முடியாது. இலண்டனைச் சேர்ந்த ஹென்றி நாக் 1787-இல் காப்புரிமை பெற்ற பின்னறை அமைப்பில் மருந்து விரைவாக எரிந்தது. குழலைக் குறுக்க முடிந்தது. அதன் பின்னரே இரண்டு குழல்களைத் தோளில் ஏந்திப் பறக்கும் பறவையைச் சுடுவது கனவான்களின் விளையாட்டாயிற்று. கும்பினி அதிகாரிகளோடு அந்த விளையாட்டும் தமிழ்நாட்டுக் கண்மாய்க் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. நெல்வயலில் உள்ளான், கண்மாயில் கிளுவை, ஊசிவால் வாத்து என்று அவர்களுக்கு இங்கே குறைவில்லை.

சேதுநாட்டில் ஆயுதம் பறிக்கப்பட்டது

சேதுநாட்டாருக்குத் துப்பாக்கி அதற்கு முன்பே தெரியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பாளையங்களில் திரித்துப்பாக்கி, ஈட்டி, வாள், வளரி எல்லாம் வழக்கில் இருந்தன. வளரி போருக்கு மட்டும் அல்லாமல் வேட்டைக்கும் வீசப்பட்டது. கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் அதே வெல்ஷ் மருதிருவருக்கு எதிரான போரிலும் இருந்தார்.

சேதுபதி முத்துராமலிங்கரைக் கும்பினியார் 1795-இல் பதவி நீக்கிச் சிறையிட்டனர். 1801-இல் பாளையக்காரர் கிளர்ச்சி அடக்கப்பட்டது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதைத் தொடர்ந்து 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கட்டளையிட்டது. பரம்பரையாகக் காவல் தொழிலே செய்துவந்த குடிகள் பலர் ஒரே ஆணையில் தொழிலற்றவர் ஆயினர். தென்மாவட்டங்களின் பிற்காலச் சமூக வரலாற்றைப் படிப்பவர் இந்த அறிவிப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

1857 கிளர்ச்சிக்குப் பின் கட்டுப்பாடு நாடு முழுவதும் விரிந்தது. லிட்டன் வைசிராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. ஒரே கண்மாயில் ஒரே பறவையைச் சுட, ஒருவருக்குத் தாள் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியர்களிலும் விலக்குப் பெற்றவர்கள் உண்டு. குடகு மக்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கு இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு 2019-இல் அதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது.

1959-ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 13-ஆம் பிரிவே நாட்டுத் துப்பாக்கியின் ஆயுளை நீட்டியது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. அதைவிட நல்ல துப்பாக்கி வேண்டுமானால், வாய்வழித் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். அதாவது உழவனுக்கு இயல்பான ஆயுதம் இதுவே என்று சட்டமே வகுத்துவிட்டது. காட்டுப்பன்றியை விரட்ட ஒரு வேட்டுச் சத்தம் போதும். கலகம் செய்ய நிமிடத்துக்கு இரண்டு வேட்டு போதாது. அந்தக் கணக்கு வெளிப்படையாக எழுதப்படவில்லை என்றாலும் புரிந்துகொள்வது கடினம் அன்று.

உரிமம் இருந்தாலும் அலைச்சல் தீராது. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்த பின் திரும்பப் பெற வேண்டும். கேப்பும் மருந்தும் உரிமம் உள்ள கடையில் அளவோடுதான் கிடைக்கும். அவை கிடைக்காதபோது பட்டாசு மருந்தையும், ஈய ரவைக்குப் பதிலாகப் பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுகளையும் இடுவது உண்டு. இரண்டும் தவறு. பட்டாசு மருந்தின் வேகம் ஒரே சீராக இராது. எஃகுக் குண்டு பழைய குழலின் மென்மையான உட்சுவரைக் கீறிவிடும்.

குருவிக்காரர்

தமிழ்நாட்டில் வாய்வழித் துப்பாக்கியோடு சேர்த்தே நினைக்கப்படும் மக்கள் நரிக்குறவர். வாக்ரிபோலி என்னும் மொழி பேசும் இவர்களுக்குக் குருவிக்காரர் என்ற பெயரும் உண்டு. வலை, கண்ணி ஆகியவற்றோடு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கிகளும் பலரிடம் இருந்தன; பெரும்பாலும் ஒற்றைக்குழல். காடை, கௌதாரி, கொக்கு, உள்ளான் ஆகியவற்றைத் தெருவில் கொண்டுவந்து விற்றார்கள். வயலில் நரியையும் பறவையையும் விரட்ட உழவர்களே அவர்களை அழைத்ததும் உண்டு.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. தொடக்கத்தில் அச்சட்டத்திலேயே வேட்டை உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. பறவைகளுக்கு இது தேவையான காப்பு என்பதில் ஐயம் இல்லை. ஆனால் கனவானின் வேட்டை விளையாட்டாக இருந்தது, குருவிக்காரரின் வேட்டை அன்றாடச் சோறாக இருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் ஒரே தடை விழுந்தபோது, முன்னவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். பின்னவர் ஊசியும் பாசிமணியும் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையங்களுக்குப் போனார். தொழிலை எடுத்த சட்டத்தோடு மாற்றுத் தொழில் வரவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். இடையில் ஐம்பது ஆண்டுகள்.

காரங்காடும் கண்மாய்களும்

காரங்காடு இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணைக் கரையில் உள்ள மீனவர் ஊர். ஊரை ஒட்டி அலையாத்திக் காடு இருக்கிறது. ஊர் மக்களின் பங்கேற்புடன் வனத்துறை இங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகில் அலையாத்தி மரங்களினூடே சென்று கொக்கு, நாரை, ஆலா, உள்ளான் வகைகளைப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையோடு வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். முன்பு துப்பாக்கிக்காரர்கள் காத்திருந்ததும் அதே பருவத்துக்குத்தான். பறவையை நெருங்கும் முறையும் மாறவில்லை: காற்றுக்கு எதிராகப் போவது, பேச்சைக் குறைப்பது, நிழலோடு நிழலாக நிற்பது. கையில் இருப்பது இருகண் நோக்கியோ புகைப்படக் கருவியோ என்பது மட்டும் வேறுபாடு. தொலைநோக்கிக்கு 40 கஜ எல்லை கிடையாது என்பதும் ஒரு வசதி.

மாவட்டத்தின் உள்பகுதியில் கண்மாய்களே சரணாலயங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இலும், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 1998-இலும், தேர்த்தங்கல் 2010-இலும், சக்கரக்கோட்டை 2012-இலும் அறிவிக்கப்பட்டன. இவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய அனுமதி இல்லை. அதோடு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர் தம் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. வரைபடத்தில் ஐந்து சரணாலயங்களைச் சுற்றியும் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் எத்தனை ஊர்கள் உள்ளே அடங்குகின்றன என்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

துப்பாக்கி ஓய்ந்தாலும் ஈயம் ஓய்வதில்லை. வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உடையவை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று விழுங்கி நஞ்சேறி மடிகின்றன. சுட்ட ரவையில் பெரும்பகுதி பறவையில் படாமல் நீரில்தான் விழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது இதனால்தான்.

பறவையைத் துப்பாக்கியிலிருந்து காக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் சட்டத்தோடு வந்தது அன்று. வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட உண்மை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798-இல் ஊராரின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. துப்பாக்கி இருந்தது சிப்பாயிடம், தாள் கிடைத்தது ஊராருக்கு.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து இப்போது சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடி, 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. துப்பாக்கியில் இடும் அதே வெடியுப்பும் கந்தகமும் கரியும்தான் பட்டாசிலும் இருப்பவை. ஆண்டுதோறும் ஐப்பசியில் சுற்றுப்பட்டு ஊர்களில் வேட்டுச் சத்தம் கேட்கும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குள் பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள்.